மூன்று கை வேண்டிய மேசை

எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அதன் மூன்றாவது மாடியில், ஒற்றை அறையில் குடியிருக்கிறவர் லிப்ட்காரர். பகலெல்லாம் ஊர்ப்பட்ட ஜனங்களை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் முட்டி வலிக்க, மூச்சு வாங்கப் படியேறுவார். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "ஆமாங்க்கா" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் ஒரு நாளில் பேசுகிற பேச்சை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

நான் கீழே, படிக்கட்டை ஒட்டின அறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். புதுத்துணி தைக்கிறதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, இதுதான் பிழைப்பு. கதவு எப்போதும் திறந்திருக்கும். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் என் கண்ணில் படாமல் தப்ப முடியாது. என் வாய்க்குப் பயந்து சிலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி நடித்தபடி போவார்கள். போகட்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் எனக்குப் பேச்சுத்துணை இந்தப் படிக்கட்டுதான்.

லிப்ட்காரர் எப்போதாவது பொத்தான் தைக்க வருவார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். நேரே போய் என் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நிற்பார். "எனக்கு மூணாவது மாடி" என்று நான் கிண்டல் செய்தால், கை தன்னையறியாமல் சுவிட்ச் பக்கம் போய்த் திரும்பும். பெரிய ஆபீஸ் கட்டடத்து வேலை அவருக்கு. லிப்டுக்குள் அவர் ஒரு ஆள் நிற்பதாகவே யாரும் நினைப்பதில்லையாம். யாருக்குச் சம்பளம் கூடப்போகிறது, யாரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், எல்லாம் அவர் காதுக்குத்தான் முதலில் வரும். ஒரு வார்த்தை வெளியே விடமாட்டார். நானாக இருந்தால் அந்த ஆபீசையே இரண்டாக்கியிருப்பேன்.

மனைவி பிரிந்து போய் வருஷக்கணக்காகிறது. குடி, அடி, சந்தேகம் எதுவும் கிடையாது. மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். லீவு நாளில் எப்போதாவது அந்தப் பெண் வரும். மாடியில் இருந்து சத்தமே கேட்காது. கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய்விடும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, பொத்தான் எதுவும் இல்லாமல், சும்மா என் வாசலில் நின்றார்.

"அக்கா, என் பொண்ணுக்கு இங்க பக்கத்துலயே காலேஜ் கெடச்சிருக்கு."

"அடி சக்கை! எந்த காலேஜ்?"

"போன் பண்ணா. உங்ககூடவே தங்கிப் படிக்கலாமான்னு பாக்கறேன்ப்பான்னு சொன்னா." என் சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படிக்க மேசை இருக்கான்னு கேட்டா. இருக்குன்னு சொல்லிட்டேன்."

"உங்க ரூம்ல மேசை எங்க இருக்கு? கட்டில்ல தட்டு வெச்சுல்ல சாப்பிடறீங்க?"

"அதான்க்கா" என்றார்.

அந்த வாரமே மேசை வந்து இறங்கியது. பழைய சாமான் கடையில் அடிமாட்டு விலைக்கு எடுத்தாராம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே மைக்கா ஒட்டினது. மரமே இல்லாத மேசைக்கு மேலே மரக்கோடு என்ன, கணு என்ன! டம்ளர் வைத்த வட்டங்கள், ஓரத்தில் பெயர்ந்துபோன பட்டை, யாரோ காம்பசால் கீறின இதயம். வண்டிக்காரரும் இவருமாகத் தூக்கிக்கொண்டு ஏறும்போது படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. நான் கீழே நின்று "சாய்ங்க, இன்னும் சாய்ங்க, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று கத்திக் கத்தியே அதை மேலே ஏற்றினேன்.

மறுநாள் கையில் பெயிண்ட் டப்பாவோடு ஏறினார். மூடியில் ஒழுகியிருந்த நிறத்தைப் பார்த்தேன். பஞ்சுமிட்டாய் ரோஸ்.

"பொண்ணுக்கு ரோஸ்னா உசுருக்கா" என்றார்.

தூறல் பிடித்திருந்த நேரம். தூசி விழுந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, துடைத்தும் துடைக்காமலும், டப்பா முழுவதையும் ஒரேயடியாக அப்பிவிட்டார். நான் ஏறிப் பார்த்தபோது மேசைக் காலெல்லாம் ரோஸ் வழிந்து நின்றது. விரல் வைத்தால் விரல் வரமாட்டேன் என்றது.

"காயவே இல்லியே தம்பி."

"ஞாயித்துக்கெழமை அவ வரதுக்குள்ள காஞ்சிடும்க்கா."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஞாயிறு வந்தது, பெண்ணும் வந்தாள். நெடுநெடு என்று அப்பா உயரம். தோளில் பெரிய பை, மாற்றுத்துணியோடு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மேலே போனாள். கொஞ்ச நேரம் கழித்து என் வாசலில் வந்து நின்றாள். வெளிர்மஞ்சள் சட்டை. இரண்டு கையிலும் முழங்கைவரை ரோஸ்.

"ஆன்ட்டி, இத எடுக்க முடியுமா?"

மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். எழுந்தபோது சட்டை வரவில்லை. இழுத்தால், பாலாடை மாதிரி பெயிண்ட் ஏடாக உரிந்து அவளோடு வந்துவிட்டது. அடியில் மைக்கா பழையபடி பளபள. அவள் வைத்த நோட்டின் அட்டை மேசையிலேயே தங்கிவிட்டது.

மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ரோஸ் பரவினதுதான் மிச்சம்.

"பரவால்ல ஆன்ட்டி."

"ஒங்கப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நின்னுக்கிட்டே இருக்காரு. நான் பரவால்லப்பான்னு சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரோஸ் எனக்கு ரெண்டாங்கிளாஸ்ல பிடிச்சது ஆன்ட்டி. அவருக்கு அது மட்டும்தான் தெரியும். எப்படிச் சொல்றது? பாவமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. சட்டை போச்சே என்று அப்பனை நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவள் மகள். பரவாயில்லை என்கிறவள் விருந்தாளிதானே? லிப்ட்காரர் படியில் பாதி இறங்கி நின்றிருந்தார். பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அடுத்த மாசம் வரேன்ப்பா. அப்ப பாத்து முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் தலையை ஆட்டினார். அவள் தெருமுனை திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு வாரம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் போவார், இருட்டினதும் வருவார். மேசை இனி அவ்வளவுதான், தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் பையோடு வந்தார். பையில் உப்புத்தாள், பிரைமர், சுரண்டுகிற தகடு. வாசலிலேயே நின்றார்.

"அக்கா, ஒரு ஒதவி."

பொத்தான் தைப்பதைத் தவிர அந்த மனிதர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதையும் காசை முதலில் வைத்துவிட்டுத்தான் கேட்பார்.

"சொல்லுங்க தம்பி."

"பெயிண்ட் கடைக்காரரக் கேட்டேன். மைக்கா மேல அப்படியே அடிச்சா நிக்காதாம். பழச சொரண்டிட்டு, உப்புத்தாள் போட்டு பளபளப்பு சாகறவரைக்கும் தேய்க்கணுமாம்."

"சரி."

"அப்பறம் சொன்னாரு. இதுக்கு மூணு கை வேணும், மூணு கை இல்லாம இத தொடாதீங்கன்னு." அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு கொறையுது. நீங்க ஒரு கை புடிச்சீங்கன்னா..."

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. பெயிண்ட்காரர்கள் பாஷையில் ஒரு கை என்றால் ஒரு பூச்சு. பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை என்று சொல்லியிருக்கிறார் கடைக்காரர். சொந்தமாக ஒரு சுவரைக்கூட வெள்ளையடித்திராத இந்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு, இரண்டு கைக்கு மேல் மூன்றாவது கை தேடி மாடிப்படி இறங்கி வந்திருக்கிறார். இதைப் படிக்கட்டில் போகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்லி ஒரு மாதம் சிரிக்கலாம்.

ஆனால் அவர் முகம் வேர்த்திருந்தது. இதைக் கேட்பதற்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அர்த்தத்தைச் சொல்லியிருந்தால் அசடு வழிய மேலே போய்த் தனியாகவே மூன்று கையும் அடித்துக்கொண்டிருப்பார். சொல்லவில்லை. என்னைத்தான் யார் இப்படி வந்து கூப்பிட்டார்கள்? பிரிக்கிறதுக்கும் பிடிக்கிறதுக்கும் வருவார்கள், போவார்கள்.

"ஒரு கைய மட்டும் கழட்டிக் குடுக்க முடியாது தம்பி. நானே வரேன்" என்றேன்.

"ரொம்ப நன்றிக்கா."

"நன்றியெல்லாம் இருக்கட்டும். கலர் என்ன?"

பையின் அடியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தார். மறுபடியும் ரோஸ். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"போன் பண்ணி அவளக் கேளுங்க."

"வேல இருக்கும்க்கா அவளுக்கு. தொந்தரவு..."

"பெத்த பொண்ணுக்குப் போன் பண்றது தொந்தரவா? இப்ப பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

பயந்துபோய்ப் பண்ணினார். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன கலர்ம்மா வேணும்?" என்றார். அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. இவர் "ம்" கொட்டினார். பிறகு "பச்சைன்னா, எல பச்சையா, பாட்டில் பச்சையா?" என்றார். அப்புறம் ஏதோ கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பல் வரிசையாக இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போனை வைத்துவிட்டு, "பாட்டில் பச்சைக்கா" என்றார், பரீட்சையில் தேறின மாதிரி.

வேலை சனிக்கிழமை தொடங்கியது. ரோஸ் பெயிண்ட் சில இடத்தில் கேட்காமலேயே உரிந்து வந்தது, சில இடத்தில் தகடு போட்டுச் சுரண்டினாலும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஜன்னலை நான் திறந்து வைத்தேன். அவர் மூடப் போனார். கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் உப்புத்தாள். மைக்காவின் பளபளப்பைக் கொல்லத் தேய்த்துத் தேய்த்து எங்கள் தோள்பட்டை இற்றுப்போனது. தூசி எங்கள் தலையில், புருவத்தில். அவர் பழைய யூனிபாரச் சட்டை போட்டிருந்தார். பட்டை பெயர்ந்த ஓரத்தில் ஈரத்துணி பட்டு மரத்தூள் உப்பிக்கொண்டது. காயவிட்டு, பட்டி வைத்து அடைத்து, மறுபடி தேய்த்தோம். காம்பசு இதயத்தையும் பட்டி போட்டு மூடினோம். எவனுடைய இதயமோ, பாவம்.

வேலை செய்கிற கைக்கு வாய் தானாகத் திறக்கும்போலிருக்கிறது. அவர் பேசினார். என்னைப் பார்க்காமல், மேசைக் காலைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாதுக்கா, எனக்கும் எம் பொண்டாட்டிக்கும். சண்டையாச்சும் போடுங்களேன்னு சொல்லுவா. செவுத்தோட குடும்பம் நடத்த முடியாதுன்னு சொல்லிட்டுப் போனா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல." கொஞ்ச நேரம் தேய்த்தார். "பேசணும்னு தோணும்க்கா. யோசிச்சு வெச்சு வாயத் தொறக்கறதுக்குள்ள எறங்க வேண்டியவங்க எறங்கிடுவாங்க."

ஊரெல்லாம் பேசித் தீர்க்கிற எனக்கும் கதவைச் சாத்தினபிறகு ஒரு ஆள் கிடையாது என்று அவரிடம் சொல்ல வந்தேன், சொல்லவில்லை. தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பிரைமர் அடித்தோம். அது காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டுப் பச்சை. இந்த முறை வழியவில்லை, மெல்லிசாக இழுத்தார். ஒரு பக்கமாகவே பிரஷ்ஷை ஓட்டினார். நல்ல கை அவருக்கு, அதைச் சொல்லத்தான் வேண்டும். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நான் என் பாட்டுக்கு, "சரி, ரெண்டாவது கை நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்றேன்.

அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். யோசிக்கிறது தெரிந்தது.

"ரெண்டாவது கைன்னா... இன்னொரு தடவ அடிக்கறதா?"

மாட்டிக்கொண்டேன்.

"ஆமா."

"அப்ப கடைக்காரர் மூணு கைன்னு சொன்னது?"

"பிரைமர் ஒண்ணு, பெயிண்ட் ரெண்டு."

"ஒரே ஆளு பண்ணியிருக்கலாம்?"

"தாராளமா."

அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும். போங்க தம்பி, வந்தாச்சு. பிரஷ்ஷ தின்னர்ல போடுங்க, காஞ்சா கட்டையாயிடும்."

அவர் பிரஷ்ஷைப் போட்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறார்! சத்தம் வராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது மாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், எதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசிப் பூச்சுக்குப்பிறகு அவர் மேசையைத் தொடவே விடவில்லை. ஜன்னல் திறந்தபடி கிடந்தது. தினமும் வேலைக்குப் போகும்போது, "ஓரமா நகத்த வெச்சுப் பாத்தேன்க்கா, உள்ள எறங்கல" என்று எனக்குச் சேதி சொல்லிவிட்டுப் போவார். வேறு விஷயமும் சொல்ல ஆரம்பித்தார். பெண் படிக்கும்போது மேலே டியூப்லைட் கண் கூசும், மேசை விளக்கு வாங்கவேண்டும். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு இவர் கீழே படுத்துக்கொள்ளலாம். குறட்டை வருகிறதா என்று தனக்குத் தெரியாது, யாரைக் கேட்பது? இப்படி.

"ஜன்னல் தொறந்துதான கெடக்கு? எனக்குக் கீழவரைக்கும் கேக்குது" என்றேன். கேட்காது. சும்மா சொன்னேன்.

அடுத்த மாதம் பெண் வந்தாள். இந்தமுறை தோளில் பை இல்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டேன். பின்னாலேயே நானும் மூச்சு வாங்க ஏறினேன், கூப்பிடாமலேயே.

"அய்யோ அப்பா!" என்றாள் கதவுக்குள் நுழைந்ததும். இது விருந்தாளிக் குரல் இல்லை. "இது அதே மேசையா? சத்தியமா?" உள்ளங்கையால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவினாள். முழங்கையை ஊன்றினாள், வேண்டுமென்றே அழுத்தி ஊன்றி எடுத்துக் காட்டினாள். மூன்று பேரும் சிரித்தோம். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"அப்பா" என்றாள். "நாங்க மூணு பேர் சேந்து காலேஜ் பின்னாடி ஒரு ரூம் எடுத்திருக்கோம். என்கூடப் படிக்கறவங்கதான். அம்மாவும் சரின்னுட்டாங்க. உங்களுக்கும் இங்க இடைஞ்சல், தரையில படுக்கணும்..." அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க எல்லாம் இருக்கு. மேசைதான் இல்ல. இத நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமாப்பா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏண்டி பெண்ணே, அந்த மனுஷன் யாருக்காக இதைத் தேய்த்தான் தெரியுமா என்று வாயைத் திறந்தேன். லிப்ட்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தாராளமா எடுத்துக்கம்மா" என்றார். "உனக்குன்னு அடிச்சதுதான்."

சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். படி திரும்புகிற இடத்தில் ஒரு கீறல் விழாமல் இறக்கினோம், என் பழைய போர்வையைச் சுற்றி. டிரைவர் பக்கத்தில் ஒரு ஆள்தான் உட்காரலாம். பெண் ஏறிக்கொண்டாள். இவர் பின்னால் ஏறி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு கட்டியிருக்கிறதே, எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று டிரைவர் கேட்டார். "கயிறு உராசிடும்" என்றார். வண்டி கிளம்பியது.

இருட்டுகிற நேரத்துக்கு பஸ்ஸில் திரும்பி வந்தார். போர்வையை நான்காக மடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"எப்படி இருக்கு ரூம்?"

"நல்லா இருக்குக்கா. காத்தோட்டமா இருக்கு. மேசைய ஜன்னல் ஓரமா போட்டாச்சு. ஒரு மாசத்துக்குச் சூடா எதுவும் வைக்காதன்னு சொல்லியிருக்கேன். கூட இருக்கற பொண்ணுங்க, எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டாங்க." அவர் முகம் மலர்ந்தது. "கடையில வாங்கினது இல்ல, எங்கப்பா அடிச்சதுன்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னாக்கா."

"பின்ன? சொல்லாம இருப்பாளா?"

"ஆமாங்க்கா" என்றார். போர்வையை என்னிடம் கொடுத்தார். படிப்பக்கம் திரும்பினவர் முதல் படியில் காலை வைத்துவிட்டு நின்றார்.

"இவ்ளோ நல்லா அடிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றார். அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.